அந்தத் தோட்டா மட்டும் வேண்டாம்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஊதுபத்தி ஒரு துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கோதில் நின்று புகைந்துகொண்டிருந்தது. முகம் கழுவிவிட்டுத் திருநீற்றுக்குக் கை நீட்டியவன் நீட்டிய கையோடு நின்றுவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில், எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. அப்போது கோது வீட்டுச் சாமான்களில் ஒன்று. பிள்ளைகள் அதில் விசில் ஊதினார்கள். பெரியவர்கள் ஊதுபத்தி குத்தினார்கள். பித்தளை என்பதால் புளி போட்டு மினுக்கிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்திப்போகும். என் மனைவி வசந்தியும் அந்தக் காலத்து ஆள்தான். வீட்டிலிருந்த ஊதுபத்தித் தாங்கி உடைந்துவிட்டது, சாப்பாட்டு மேசையில் பித்தளையாக ஒன்று கிடந்தது, எடுத்துக் குத்திவிட்டாள். லண்டனில் வேறு எந்த வீட்டுக்காரிக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

"ஊதுபத்தியை ஏன் இதிலை வைச்சனி?" என்று கேட்டேன்.

"வடிவா நிக்குதெல்லே. உங்களுக்கு இப்ப என்ன?" என்றாள்.

எனக்கு என்ன என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் கிடைத்த பொல்லை எடுத்து அடிக்கிறமாதிரி வேறொரு காரணத்தைச் சொன்னேன். அந்தக் கோது எங்கள் மகள் தாரணி போன குளிர்காலத்தில் ஸ்கொட்லாந்தில் சுட்ட மானுடையது, உயிர் எடுத்த சாமானை வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்திருக்கிறாய் என்றேன். வசந்திக்கு முகம் செத்துவிட்டது. கோதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் மேசையில் போட்டுவிட்டு, தட்டை மஞ்சள் தண்ணீரால் கழுவி, ஊதுபத்தியை ஒரு வாழைப்பழத்தில் குத்தினாள். விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். எனக்கு அப்போதுதான் தொடங்கியது.

2

தாரணிக்கு இருபத்தெட்டு வயது. மருத்துவமனையில் மருந்தாளராக வேலை. லண்டன் வாடகையில் தனி வீடு எடுக்க மனம் வராமல், கோலியர்ஸ் வுட்டில் எங்களோடு மேல்மாடி அறையில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று பெயர். காலையில் படியிறங்கும் சத்தம் கேட்கும், இரவில் படியேறும் சத்தம் கேட்கும். நான் "சாப்பிட்டியோ பிள்ளை?" என்பேன். "ஓம் அப்பா" என்பாள். மிச்சமெல்லாம் ஆங்கிலம், அதுவும் தாயோடுதான் கூட. சண்டை ஒன்றும் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சண்டை இருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்தியோடு ஸ்கொட்லாந்துக்கு மலை ஏறப் போனவள், திரும்பி வந்தபோது மான் வேட்டை பழகிக்கொண்டு வந்தாள். அங்கே ஓநாய் அழிந்து எவ்வளவோ காலம். மான் பெருகிக் கன்றுமரங்களைத் தின்று மலையை மொட்டையாக்குகிறதாம். வருடாவருடம் சுட்டுக் குறைத்தே ஆகவேண்டுமாம். போன குளிர்காலம் அவளுக்கு வேட்டை பழக்கிய வழிகாட்டியின் துவக்கால் முதல் பெண்மானைச் சுட்டு, ஒரு குளிர்பெட்டி நிறைய இறைச்சியோடு வந்து இறங்கினாள். இது வாசற்படி தாண்டக்கூடாது என்று வசந்தி சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவளே அதை மிளகு போட்டுப் பிரட்டினாள். நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது தாரணிக்குச் சொந்தத் துவக்கு வேண்டும். இந்த நாட்டில் அது கடைக்குப் போய் வாங்கும் சாமான் இல்லை. எந்த அளவுத் தோட்டா, எந்த மிருகத்துக்கு, எந்த நிலத்தில், ஏன் அந்த அளவு என்று விண்ணப்பத்தில் காரணத்தோடு எழுதவேண்டும். வைத்தியர் எழுதித் தரவேண்டும். அதற்குப் பிறகு பொலிஸிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியையும் வீட்டிலுள்ள மனிதரையும் பார்க்கவேண்டும். அலுமாரிப் பூட்டைத் திறக்கும் திறப்பு எங்கே இருக்கிறது என்பது தாரணியைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது. வசந்திக்கு வந்த கோபம் முழுக்க இதில்தான். தன் வீட்டில் தனக்குத் திறப்புத் தெரியாத அலுமாரி ஒன்றா என்று ஒரு கிழமை முணுமுணுத்தாள்.

மிச்சம் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் என் தங்கைக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. துவக்குப் பிடிக்கிற பெட்டையை யார் கட்டுவார்கள் என்று தொலைபேசியில் அழாக்குறையாகக் கேட்டாள். கட்டுகிறவன் கவனமாக நடந்துகொள்வான் என்று சொல்லி வைத்தேன். சொல்லும்போது சிரிப்பு வந்தது. தொலைபேசியை வைத்த பிறகு வரவில்லை.

3

மேசையில் கிடந்த கோதுகள் மூன்று. மூன்றும் அந்த வழிகாட்டி கொடுத்தனுப்பியவை, பிள்ளை பார்த்துப் பிடித்துத் தெரிவு செய்யட்டும் என்று. ஒன்று 308 என்ற அளவு, தாரணி மான் சுட்டதும் வசந்தி ஊதுபத்தி குத்தியதும் அதுதான். ஒன்று 6.5. மூன்றாவது 300 மக்னம், மற்ற இரண்டையும்விட நீளமும் கனமும்.

தாரணிக்கு ஒரே துவக்கு எல்லாவற்றுக்கும் உதவவேண்டும். ஸ்கொட்லாந்து மானுக்கும் வேண்டும், கனடாவுக்கும் வேண்டும். அங்கே என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் இருக்கிறான். எல்க் என்று எங்கள் மரையைவிடப் பெரிய மிருகம், திறந்த மலையில் வெகு தூரத்தில் நிற்கும், வா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய கட்சி 300 மக்னம். வழிகாட்டியின் கட்சி 308. மலைநாட்டில் எந்தச் சின்னக் கடையிலும் அது கிடைக்கும், எல்லாத் துவக்கும் அதற்கு இருக்கும், முதல் துவக்குக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவருடைய பேச்சு. தாரணி முக்கால்வாசி அவர் பக்கம் சாய்ந்திருந்தாள்.

நான் யார் இதில் வாய் வைக்க? சாரதிப் பயிற்சி கொடுக்கிறவன். கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு, திரும்பு என்று இருபது வருடமாகச் சொல்லிப் பிழைக்கிறவன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, ஒரு மாணவன் இறங்கி அடுத்தவன் ஏறும் இடைவெளியில், காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தோட்டா பற்றிய காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் பிளேஸ்டோவிலிருந்து வந்து பழகும் பெடியன் கதவைத் திறந்துவிட்டு, என் கைபேசியையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அன்று அவன் வழமையைவிட மெதுவாக ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மேல்மாடிக்குப் போய்த் தாரணியின் கதவைத் தட்டுவேன். அந்தக் கதவை நான் தட்டி எத்தனையோ வருடம். முதல்நாள் அவள் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனாள்.

"உந்த 308 சரிவராது பிள்ளை" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். காற்று என்றேன். தூரம் கூடக்கூட அதன் சன்னத்தை, பறந்து போகிற குண்டை, காற்று பக்கவாட்டில் தள்ளும், 6.5 மெலிந்து நீண்டது, காற்றை வெட்டிக்கொண்டு போகும். அடுத்தநாள் செம்பு என்றேன். இங்கே ஈயச் சன்னத்தைக் கைவிட்டுச் செம்புக்கு மாறுகிறார்கள். செம்பு வேகமாய்ப் போய்ப் பட்டால்தான் உள்ளே விரியும், 308 தூரத்தில் களைத்துவிடும், விரியாத சன்னம் மிருகத்தைக் காயப்படுத்தி அலையவிடும். அதற்கு அடுத்தநாள் தோள். மக்னம் உதைக்கிற உதையில் சுடுகிறவர் தன்னையறியாமல் கண்ணை மூடிவிடுவார், புதிதாகக் கார் பழகுகிறவர் லொறி வந்தால் மூடுகிறமாதிரி. 308 அவ்வளவு இல்லை, 6.5 அதிலும் மெது. சொன்னவை எல்லாம் உண்மைதான். பொய் சொல்லியிருந்தால் அவள் முதல்நாளே பிடித்திருப்பாள், மருந்து அளக்கிற பிள்ளை.

அவள் மடிக்கணினியைத் திறந்து அட்டவணைகளைக் காட்டி என்னை மறித்தாள். இருநூறு யார்டுக்குள் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றாள். முந்நூறு, நானூறு என்று நான் இழுத்தேன். அப்போதுதான் அவள் தமிழுக்கு மாறினாள்.

"தோட்டா போற தூரம் வேற அப்பா. நான் சுடுற தூரம் வேற."

வழிகாட்டி அவளை முதல் மானைச் சுட விடுவதற்கு முன் ஈரப் புல்லில் வயிற்றில் படுக்கவைத்து, வெகுநேரம் தொலைநோக்கிக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கத்தான் விட்டாராம். ஆணா பெண்ணா, கிழமா இளசா, பின்னால் குட்டி வருகிறதா, பின்புலத்தில் வேறு உயிர் நிற்கிறதா. எல்லாம் தெரிந்தால் சுடலாம். ஒன்று தெரியாவிட்டாலும் விரலை எடுத்துவிடவேண்டும். இரண்டு தடவை விரலை எடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்களாம். இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் கீழே வந்துவிட்டேன்.

இவ்வளவு நாளும் அவளோடு இவ்வளவு கதைத்ததில்லை. ஒவ்வொரு இரவும் படியேறும்போது மனம் துள்ளும், இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். மகளோடு பேச எனக்குக் கிடைத்த ஒரே விஷயம், நான் பேச விரும்பாத ஒரே விஷயமாகப் போய்விட்டது. யாரிடம் போய்ச் சொல்வது?

4

எனக்கு நேரே மூத்தவர் அண்ணை. சங்கக் கடையில் வேலை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, அவருக்கு இருபத்துநாலு. முகாமிலிருந்து ஆமி வெளிக்கிட்டு வந்த நாள் ஒன்றில், கொஞ்சம் அமைதியாய் இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். கோயில் வீதி மூலையில் திரும்பும்போது ஒற்றை வெடிச் சத்தம்.

அவரைச் சுட்டவன் பக்கத்தில் இல்லை. ஆமி திரும்பிப் போன பிறகு நான் வீதியோடு நடந்துபோய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே பூட்ஸ் கால்கள் மிதித்த மண்ணில் ஒரேயொரு கோது கிடந்தது. ஆமியின் எஸ்.எல்.ஆர். துவக்கின் கோது. எங்கள் ஊரில் சத்தத்தை வைத்தே எது என்று சொல்லப் பழகியிருந்தோம். அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து கோயில் மூலையைப் பார்த்தேன். அந்த நேரம் யாரோ ஒருவர் அந்த மூலையால் சைக்கிளில் போனார். சுண்டுவிரல் நகமளவு தெரிந்தார். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் எனக்குத் தெரியாத ஆள் ஒருவரும் கிடையாது.

கோதை அம்மாவிடம் கொடுத்தேன். அவ அதை அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி குத்தினா. நாள் தவறாமல் குத்தினா. பிறகு இடப்பெயர்வில் வீடு போனது, வீட்டோடு படமும் கோதும் போயின.

308 என்பது அந்த எஸ்.எல்.ஆர். தோட்டாவின் கூடப்பிறந்ததுதான். பட்டாளத்தில் ஒரு பெயர், வேட்டைக்காரரிடம் இன்னொரு பெயர். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. அந்தத் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக என் வீட்டுக்குள் கொண்டுவந்து, என் தலைக்கு மேலுள்ள அறையில் பூட்டி வைக்கப்போகிறார்கள். அதுவும் என் பிள்ளை.

இந்தக் கதையை அதுவரை நான் ஒருமுறைதான் முழுதாகச் சொல்லியிருந்தேன். அகதி விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாய்வழியாக. சுட்டது யார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கோதைப் பார்த்தேன் என்றேன். நம்பினார்களோ இல்லையோ, எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வசந்திக்குக்கூட "அண்ணையை ஆமி சுட்டது" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

5

நான் இத்தனை அட்டவணை காட்டியும் தாரணி விண்ணப்பத்தில் 308 என்றே எழுதி அனுப்பிவிட்டாள். என் காரணங்கள் நல்லவை, ஆனால் அவை தான் சுடாத தூரத்துக்கான காரணங்கள் என்றாள். நியாயம்தானே? அதனால்தான் நித்திரை வரவில்லை.

பொலிஸிலிருந்து வந்தவர் சீருடை இல்லாமல் கம்பளிச் சட்டையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், பேச்சில் அவசரமோ பதகளிப்போ இல்லாத மனிதர். வசந்தி ரோல்ஸும் தேநீரும் வைத்தாள். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். அலுமாரியை அசைத்துப் பார்த்தார். திறப்பைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு அது எங்கே என்று தெரியாது, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று வசந்தி ஆங்கிலத்தில் குறையாகச் சொன்னாள். அவர் அதைப் பாராட்டாக எழுதிக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பி, வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதும் கவலை உண்டா என்று கேட்டார்.

தாரணி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் கொஞ்சம் ஆட்டினாலே அவளுடைய அனுமதி ஆடிப்போகும் என்பது வீட்டார் மூன்று பேருக்கும் தெரியும். என் வாய் தானாகவே, ஒரு பிரச்சினையும் இல்லை சேர் என்றது. சோதனைச் சாவடியில் பழகிய வாய் அது. கேள்வி என்னவென்று கேட்காமலே பிரச்சினை இல்லை என்று சொல்லிவிடும்.

தாரணி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனேன். கதவின் பிடியில் கை வைத்தேன், திறக்க முடியவில்லை. துவக்கு வரட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த 308 மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். தண்ணீர்த் தாங்கி, கோயில் மூலை, பாண், கோது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், என் ஓட்டை ஆங்கிலத்தில், செருப்புகளுக்கு நடுவில் நின்றபடி. மகளின் காரியத்தை நானே கெடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பயமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மகளைப் பற்றி ஏதாவது பயம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். "ஷீ லுக்ஸ் ஃபர்ஸ்ட்" என்றேன். அவள் முதலில் பார்ப்பாள். இந்தமுறை அதைச் சொன்னது சோதனைச் சாவடி வாய் இல்லை.

தோட்டா அளவை மாற்றுவது பெரிய வேலை இல்லை, அனுமதி வருவதற்கு முன் அவள் ஒரு தகவல் அனுப்பினால் போதும் என்றார். ஆனால் அதை முடிவு செய்யவேண்டியது பொலிஸ் இல்லை, நீங்கள் இருவரும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தித் திரும்பினேன். தாரணி சமையலறை வாசலில் ஈரக் கோப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாய் நிற்கிறாள் என்று தெரியவில்லை. கோப்பையிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் சின்னக் குளமாய்க் கிடந்தது.

6

அன்று பின்னேரம் நான் மேலே போகவில்லை. அவள் கீழே வந்தாள். மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். 308 கோது இன்னும் அங்கேதான் கிடந்தது, வசந்தி தொடமாட்டேன் என்றுவிட்டாள். தாரணி அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

நான் திட்டுவாள் என்று நினைத்தேன். மாதக் கணக்காய்க் காற்றும் செம்பும் கதைத்தீர்களே, இதை முதல்நாளே சொல்லியிருக்கக்கூடாதா என்று. அவள் கேட்டது வேறு.

"எவ்வளவு தூரம் அப்பா? தாங்கியில இருந்து அந்த மூலைக்கு?"

வேட்டைக்காரியின் கேள்வி. எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் எப்போதும் கேட்கிற கேள்வி வேறு. அண்ணை இயக்கப் போராளியா என்று கேட்பார்கள்.

"முந்நூறு யார்ட் வரும்" என்றேன். "கூடவும் இருக்கலாம்."

"அந்தத் தூரத்தில வெறுங்கண்ணுக்கு முகம் தெரியாது."

"தெரியாது பிள்ளை. நான் நிண்டு பாத்தனான்."

சமையலறையில் வசந்தி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டாள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. பிறகு தாரணி கைபேசியை எடுத்து, 308 வேண்டாம், 6.5 என்று மாற்றிப் பதிவு செய்யுங்கள் என்று அங்கேயே எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். காரணம் என்ற இடத்தில் காற்று என்றும் செம்பு என்றும் எழுதியிருந்தாள், நான் சொன்ன அதே வரிசையில்.

"அப்பா" என்றாள். "பெரியப்பான்ட பேர் என்ன?"

எனக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் பெரியப்பாவின் பெயர் தெரியாதா? பிறகுதான் யோசித்தேன், எப்படித் தெரியும்? எங்கள் வீடுகளில் இளையவர் மூத்தவரைப் பெயர் சொல்லுகிற வழக்கமே இல்லை. நான் வாய் திறந்தபோதெல்லாம் அண்ணை என்றேன். தங்கையும் அண்ணை என்றாள். வசந்தி அத்தான் என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அம்மா இல்லை, பெயர் எழுதிய படம் இல்லை. மரியாதை மரியாதை என்று அவருக்கு ஒரு பெயர் இருந்ததையே இல்லாமல் பண்ணிவிட்டோம்.

மூத்தவர் பெயரை வாயில் எடுத்தால் அம்மா உதட்டில் சுண்டிவிடுவா, அந்தப் பயம் இந்த வயதிலும் போகவில்லை.

"வரதராசன்" என்றேன்.

"வரதராசன்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். ‘ரா’ என்ற எழுத்தில் கொஞ்சம் ஆங்கிலம் இடறியது. நான் திருத்தவில்லை. கோதை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஊதுபத்திப் பெட்டி எங்கே என்று தாயைக் கேட்டாள்.